காகிதப்பூச் செடி: பூவைப் பார்த்து வாங்காதீர்கள்

கேள்வி: இலையே தெரியாத அளவுக்குப் பூத்திருந்த காகிதப்பூச் செடியை நர்சரியில் வாங்கிவந்தேன். பத்தே நாளில் எல்லாம் உதிர்ந்துவிட்டது. மூன்று மாதமாகத் தளதளவென்று இலைதான் வருகிறது, ஒரு பூ இல்லை. செடி மோசமா? திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், நல்ல செடிதான். வேர் பிடிக்காத செடி இப்படித் தளதளவென்று துளிர்க்காது. நாம் பூ என்று நினைப்பது நிறமேறிய இலைகளை. நடுவிலுள்ள சின்ன வெள்ளைக் குழல்தான் உண்மையான பூ. வண்டியில் காற்றடித்தாலோ, இடம் மாறினாலோ, வேர் அசைந்தாலோ செடி முதலில் உதிர்ப்பது அந்த நிறத்தைத்தான்.

அதன்பிறகும் பூக்காததற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். தினமும் ஒரு குவளை ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்து, இலை லேசாகத் துவளும்போது, தொட்டியின் அடித்துளையில் வடியும்வரை ஊற்றுங்கள். நேரடி வெயில் ஆறு மணி நேரமாவது விழ வேண்டும். பால்கனியில் காலை வெயில் மட்டும் என்றால் இந்தச் செடிக்குப் போதாது. யூரியா போன்ற தழைச்சத்து உரங்களை நிறுத்துங்கள், அவை இலையைத்தான் வளர்க்கும். புதுக் கிளையில்தான் பூ வரும் என்பதால், நீண்டு தொங்கும் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். வெயிலும், இடையிடையே மண் காய்வதும் சரியாக அமைந்தால் சுமார் ஆறு முதல் எட்டு வாரத்தில் நிறம் தெரியும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி இதற்கு ஏற்ற மாதம்.

கேள்வி: அப்படியானால் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பதில்: அடித்தண்டைப் பாருங்கள். பென்சில் பருமனாவது இருந்து, நான்கைந்து கிளை பிரிந்திருந்தால் போதும். தண்டைப் பிடித்து மெல்ல அசைத்தால் மண்ணோடு சேர்ந்து அசைய வேண்டும். தண்டு மட்டும் தனியாக ஆடினால் குச்சி இன்னும் வேர்விடவில்லை. கணுக்களில் வெள்ளைப் பஞ்சுபோல் மாவுப்பூச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

செடி போவதெல்லாம் பெரும்பாலும் நடும் நாளில்தான். இதன் வேர் மெல்லியது, தொட்டால் முறியும். கவரைக் கவிழ்த்துத் தட்டாதீர்கள். பிளேடால் பக்கவாட்டில் கிழித்து, மண்கட்டி உடையாமல் அப்படியே இறக்குங்கள். செம்மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு, 12 அங்குலத் தொட்டி. முதலிலேயே பெரிய தொட்டி வேண்டாம். அதில் ஈரம் தங்கி வேர் அழுகும். வேர் நெருக்கமாக இருந்தால் காகிதப்பூ நன்றாகவே பூக்கும்.

கேள்வி: ஒரே செடியில் நான்கு நிறம் என்று மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: அது ஒட்டுச்செடியா, நான்கு குச்சிகளை ஒரே கவரில் நட்டதா என்று முதலில் அடியில் பாருங்கள். ஒட்டுச்செடி என்றால் ஒரே தண்டில், ஒவ்வொரு கிளை தொடங்கும் இடத்திலும் வடு தெரியும். அதற்குக் கூடுதல் விலை நியாயம். ஒட்டுக்குக் கீழே முளைப்பதை அவ்வப்போது கிள்ளியெறிய வேண்டும், வேகமாக வளரும் நிறத்தை அதிகமாக வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஓரிரு ஆண்டில் ஒரு நிறம்தான் மிஞ்சும். வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்து வேண்டுமென்றால் மேரி பாமர் என்று கேளுங்கள். அதில் ஒட்டே இல்லாமல் இரண்டு நிறமும் வரும்.

கேள்வி: ஆன்லைனில் நீலநிறக் காகிதப்பூ விதை வாங்கினேன். ஒன்றும் முளைக்கவில்லை.

பதில்: நீலநிறக் காகிதப்பூ என்று ஒன்று இல்லை. விளம்பரப் படம் நிறம் மாற்றப்பட்டது. தோட்டத்து ரகங்கள் விதை வைப்பதே அரிது; குச்சி நட்டோ பதியம் போட்டோதான் பெருக்குகிறார்கள். விதை என்று விற்பதையே வாங்காதீர்கள்.

பணத்தை விட்டுவிட வேண்டியதில்லை. விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், ரசீது, பாக்கெட்டின் படம் மூன்றையும் சேர்த்து அந்தத் தளத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியுங்கள்.