பையன் கேட்கும் ரேசிங் ஜாக்கெட்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன், நெஞ்சிலும் கையிலும் கம்பெனிப் பெயர்கள் போட்ட ரேசிங் ஜாக்கெட் கேட்கிறான். ஆன்லைனில் ‘பியூ லெதர்’ 2,200 ரூபாய், காட்டன் 2,900 ரூபாய். பைக் ஓட்டும்போதும் இதுவே போதும் என்கிறான். எதை வாங்கலாம்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: பைக் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். போதாது. கார் பந்தய வீரர்களின் உடை தீயைத் தாங்குவதற்காக நோமெக்ஸ் போன்ற இழையில் தைப்பது. சர்வதேச கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் 8856 தர எண் காலரிலேயே இருக்கும். உங்கள் மகன் கேட்பதில் அந்த உடையின் நிறமும் பெயர்களும் மட்டும்தான் உண்டு. பைக்குக்கு வேண்டியதோ வேறு: ரோட்டில் தேய்ந்தாலும் சட்டென்று கிழியாத துணி, தோளிலும் முழங்கையிலும் அடி தாங்கும் பேடு. அப்படிப்பட்ட ரைடிங் ஜாக்கெட்டின் உள் லேபிளில் இஎன் 17092 என்ற தர எண்ணைத் தேடுங்கள். ஃபேஷன் ஜாக்கெட்டின் தோளில் தடிப்பாகத் தெரிவது வெறும் ஸ்பாஞ்ச். பாலியெஸ்டர் என்றால் உராய்வுச் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டவும் செய்யும்.

சரி, காலேஜுக்கு மட்டும் என்றால் காட்டனை எடுங்கள். பியூ லெதர் தோல் இல்லை; துணிமேல் பூசிய பாலியூரித்தேன். வியர்வையும் காற்றின் ஈரமும் பட்டுப்பட்டு அந்தப் பூச்சு சிதையும். போட்டால்தான் கெடும் என்றில்லை, பீரோவில் தொங்கும்போதே உரியும். என்னுடையது இரண்டு மழைக்காலம் தாண்டியதும் கறுப்புச் செதிலாக உதிர்ந்து, பக்கத்தில் தொங்கிய வெள்ளைச் சட்டைகளையும் பாழாக்கியது. தையல்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். அதுவும் மதுரை வெயிலில் பையன் அதை எத்தனை நாள் போடுவான்?

காட்டனிலும், அந்தப் பெயர்கள் எம்பிராய்டரியா, சூடாக்கி ஒட்டிய ஸ்டிக்கரா என்று கவனியுங்கள். கடைக்காரர் போடும் படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வாங்கியவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். ஸ்டிக்கர் சில சலவையிலேயே ஓரம் தூக்கும். சிவப்பும் வெள்ளையும் கலந்த ஜாக்கெட் என்றால் சாயம் இறங்கலாம். முதல் தடவை தனியாக, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள்.

பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துவையுங்கள். காட்டன் என்று சொல்லிப் பாலியெஸ்டர் அனுப்பினால், ‘நோ ரிட்டர்ன்’ என்று விற்றவர் கைவிரிக்க முடியாது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் அதற்கு இடம் தரவில்லை. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். சைஸ் சேரவில்லை, நிறம் பிடிக்கவில்லை என்பதெல்லாம் அந்தக் கடையின் ரிட்டர்ன் விதியைப் பொறுத்தது. அதனால் ஆர்டர் போடும் முன்பே பையனின் தோள் அகலத்தை அளந்துவிடுங்கள்.