மேல்மாடித் தண்ணீர் இறங்கி வாடகைக் கடையின் சரக்கு நாசம், காப்புறுதியும் இல்லை. மலேசியாவில் யாரிடம் நஷ்டஈடு கேட்கலாம்?

மேல்மாடிக்காரரிடம் கேட்கலாம். கிடைப்பது, நனைந்த சரக்கை நீங்கள் இன்னும் தூக்கிப் போடாமல் இருக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. நான் போட்டுவிட்டேன்.

சுங்கை சிப்புட்டில் சேலை, பிளவுஸ் துணி விற்று, தைத்தும் கொடுக்கும் சின்னக் கடை எங்களுடையது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு. அன்று மேல்மாடியில் துணி துவைக்கும் மெஷினின் குழாய் கழன்று இரவெல்லாம் ஓடியிருக்கிறது. திங்கள் காலை ஷட்டரைத் தூக்கினால் வாசல்வரை சிவப்புத் தண்ணீர், சுங்குடிச் சாயம். தோட்டத்தில் சம்பளம் போட்டு ஆட்கள் வரும் வாரம் வேறு. வாடிக்கையாளர் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்ற பதற்றத்தில் பத்து மணிக்குள் ஒன்பது மூட்டை கட்டிக் குப்பையில் போட்டோம். எடுத்த படம் நாலே நாலு, அதுவும் தங்கைக்கு அனுப்பிப் புலம்ப எடுத்தது.

கட்டட முதலாளி தன்னிடம் தீ காப்புறுதி இருக்கிறது என்றார். போன உயிர் வந்தது. ஆனால் அது கட்டடத்துக்கு. வாடகைக்காரரின் சரக்கு அதில் வராது. அதோடு, இங்கே சாதாரணத் தீ காப்புறுதி நெருப்பு, மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்பு இவற்றுக்குத்தான். வெள்ளம், குழாய் வெடிப்பு எல்லாம் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டியவை.

மேல்மாடிக்காரர் தப்பை மறுக்கவில்லை. "சரிக்கா, கணக்கு காட்டுங்க" என்றார். 14,000 வெள்ளி (ரிங்கிட்) என்றேன். பினாங்கில் மொத்தமாக எடுத்த பில்கள் இருந்தன. அவற்றில் எது விற்றது, எது நனைந்தது என்று காட்டத்தான் துணி இல்லை. பேசிப் பேசி 4,000 வெள்ளிக்கு வந்து நின்றது. மாதம் 500 என்று எட்டுத் தவணை.

அவர் மறுத்திருந்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறுகோரிக்கை வழக்கு போட்டிருப்பேன். 5,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம், பாரம் 198ஐ நிரப்பிக் கொடுத்தால் போதும். நஷ்டம் அதற்கு மேல் என்றால் மிச்சத்தை விட்டுவிட வேண்டும். தனிநபர்தான் போட முடியும், சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) போட முடியாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள். அது பொருளோ சேவையோ வாங்கிய பயனீட்டாளருக்கானது, நம் வழக்கு அதில் சேராது.

ஆகவே இன்று மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மேலே கூரையில் ஒழுகிய இடத்திலிருந்து கீழே அலமாரி வரை வீடியோ எடுங்கள். ஒவ்வொரு துணியையும் விலைச்சீட்டோடு படம் பிடியுங்கள். மேல்மாடிக்காரரைக் கூப்பிட்டுக் கண்ணால் பார்க்க வையுங்கள். போலீஸ் ரிப்போர்ட்டும் செய்துவிடுங்கள். தையல் மெஷின் நன்றாகக் காயாமல் பிளக்கைச் சொருகாதீர்கள், என் ஓவர்லாக் மோட்டார் அப்படித்தான் போனது. பட்டுத் துணியை வெயிலில் போடாமல் நிழலில், காற்றாடிக்குக் கீழே காய வையுங்கள்.

நான் நினைத்தே பார்க்காத செலவு, தைக்க வந்திருந்த துணிகள். பதினோரு பேருடையது. அவர்களிடம் மேல்மாடிக் கதை சொல்லி என்ன பயன்? நம்பி நம் கையில் கொடுத்தது. ஒரு அக்கா மகள் நிச்சயதார்த்தத்துக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த பட்டு, அதற்கு விலையே கிடையாது. என் முதல் இரண்டு தவணையும் அங்கேதான் போனது.

பிறகு சரக்குக் காப்புறுதி எடுத்தேன். அதிலும் கஞ்சத்தனம் வேண்டாம். 40,000 வெள்ளிச் சரக்கை 20,000க்குக் காப்புறுதி செய்தால், 10,000 வெள்ளி நஷ்டத்துக்கு 5,000தான் தருவார்கள். குறைத்துக் காட்டிய விகிதத்தில் கழித்துக்கொள்வார்கள். தைக்க வந்த பிறர் துணியும், பாலிசியில் தனியாக எழுதியிருந்தால்தான் சேரும். அந்த வரி எங்கே என்று ஏஜெண்டை விரல் வைத்துக் காட்டச் சொன்னேன். அவர் இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, மறுவாரம் சேர்த்துக் கொண்டுவந்தார்.