டெஸ்க்டாப் ஐகான் காணாமல் போனால் காசு கொடுக்கும் முன் என்ன பார்க்கலாம்?

எடை குறைந்த லினக்ஸ் போட்ட கணினிகளில் டெஸ்க்டாப் ஐகான் மறைந்துபோவது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும். கட்டளைகளை உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். முதல் சில எழுத்துகளை அடித்து டேப் விசையைத் தட்டினால் மீதிப் பெயர் தானாக வந்துவிடும்.

கேள்வி: பழைய லேப்டாப்பில் லுபுண்டு வைத்திருக்கிறேன். திடீரென்று ஒருநாள் ஆன் செய்தால் வால்பேப்பர் மட்டும் தெரிகிறது, ஐகான் ஒன்றுகூட இல்லை. பேனல் இருக்கிறது, மெனுவும் திறக்கிறது. சர்வீஸ் ஆள் பார்த்துவிட்டு, "சிஸ்டம் கரப்ட் ஆகிவிட்டது, ஃபார்மட் அடிக்கணும், டேட்டா எடுக்கத் தனிக் கட்டணம்" என்கிறார். கொடுக்கலாமா?

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். ஃபார்மட்டும் வேண்டாம். முதலில் மெனுவிலிருந்து ஃபைல் மேனேஜரைத் திறந்து, ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும் டெஸ்க்டாப் ஃபோல்டருக்குள் போய்ப் பாருங்கள். உங்கள் கோப்புகள் அங்கே இருந்தால் டேட்டா எங்கும் போகவில்லை. திரையில் வரைந்து காட்டுவதில்தான் கோளாறு. 'டேட்டா எடுக்க' என்று தனியாகக் கட்டணம் கேட்க அங்கே வேலையே கிடையாது.

விண்டோஸிலிருந்து வருகிறவர்களுக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. இந்த லினக்ஸ்களில் டெஸ்க்டாப்பை வரைவதற்கென்று தனியாக ஒரு புரோகிராம் ஓடுகிறது. பேனல் (மெனு இருக்கும் பட்டை) வேறு புரோகிராம், விண்டோக்களைக் கையாளும் விண்டோ மேனேஜர் வேறு. ஒன்று விழுந்தாலும் மற்றவை நடந்துகொண்டே இருக்கும். பேனல் நன்றாக இருக்க, ஐகான் மட்டும் இல்லாமல் போவது இதனால்தான். அந்தப் புரோகிராமின் பெயர் டெஸ்க்டாப் வகையைப் பொறுத்தது: எல்எக்ஸ்கியூடியில் பிசிமேன்எஃப்எம்-கியூடி, எல்எக்ஸ்டிஈயில் பிசிமேன்எஃப்எம், எக்ஸ்எஃப்சிஈயில் எக்ஸ்எஃப்டெஸ்க்டாப். லுபுண்டு 18.10 பதிப்பிலிருந்து எல்எக்ஸ்கியூடிக்கு மாறிவிட்டது. அதற்கு முந்தைய பதிப்புகள் எல்எக்ஸ்டிஈ. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகள் உங்கள் கணினிக்குப் பொருந்தாமல் போவதற்குப் பாதிக் காரணம் இந்த மாற்றம்தான்.

உங்கள் திரையில் வால்பேப்பர் தெரிகிறது என்பது நல்ல துப்பு. ஐகானை வரையும் அதே புரோகிராம்தான் வால்பேப்பரையும் போடுகிறது. ஆகவே அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஐகானைக் காட்ட வேண்டாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அல்லது அது வேறு ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. காலி இடத்தில் ரைட் கிளிக் செய்யுங்கள். வரும் மெனுவில் டெஸ்க்டாப் ஐட்டங்களை மறைக்கும் தேர்வு டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். கை தவறி இதைத் தட்டிவிடுவது மிகவும் சகஜம். அதில் ஒன்றும் இல்லையென்றால், அதே மெனுவில் டெஸ்க்டாப் பிரிஃபரன்சஸ் போய், டெஸ்க்டாப் ஃபோல்டராக எந்தப் பாதை கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். காலியான ஃபோல்டரையோ இப்போது செருகப்படாத பென்டிரைவையோ அது காட்டினால் காரணம் கிடைத்துவிட்டது. ஹோம், குப்பைத்தொட்டி, கம்ப்யூட்டர் ஐகான்களை ஒவ்வொன்றாக டிக் செய்யும் இடமும் அங்கேயே இருக்கிறது.

வால்பேப்பரும் போய், திரை கறுப்பாகவோ ஒரே நிறமாகவோ இருந்து, ரைட் கிளிக்கும் வேலை செய்யவில்லை என்றால் அந்தப் புரோகிராமே ஓடவில்லை என்று அர்த்தம். (நைட்ரஜன், ஃபே போன்ற தனிப் புரோகிராம்களைக் கொண்டு வால்பேப்பர் போடுகிறவர்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அவற்றின் படம் தனியாக நிற்கும்.) ஆல்ட்டும் எஃப்2வும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் பிசிமேன்எஃப்எம்-கியூடி என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு ஹைஃபனை ஒட்டி 'டெஸ்க்டாப்', மறுபடி இடைவெளி விட்டு இரண்டு ஹைஃபனை ஒட்டி 'புரொஃபைல்', சமக்குறி, 'எல்எக்ஸ்கியூடி' என்று முடித்து என்டர் தட்டுங்கள். ஐகான் வந்துவிட்டால், அடுத்த முறை தானாக வர செஷன் செட்டிங்ஸில் ஆட்டோஸ்டார்ட் பகுதியைத் திறந்து 'டெஸ்க்டாப்' என்ற வரிக்கு டிக் போடுங்கள்.

எக்ஸ்எஃப்சிஈ வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸ், டெஸ்க்டாப், ஐகான்ஸ் என்று போக வேண்டும். அங்கே ஐகான் டைப் என்று ஒரு பட்டியல் இருக்கும். அது 'நன்' என்றிருந்தால் எதுவும் தெரியாது. 'மினிமைஸ்டு அப்ளிகேஷன் ஐகான்ஸ்' என்றிருந்தால் சுருக்கிவைத்த விண்டோக்கள் மட்டும் தெரியும். 'ஃபைல், லாஞ்சர் ஐகான்ஸ்' என்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

எக்ஸ்எஃப்சிஈயில் இன்னொரு சிக்கல் உண்டு, பலரைப் படுத்துவது இதுதான். எக்ஸ்எஃப்டெஸ்க்டாப் விழுந்து கிடக்கும் நேரத்தில் லாக் அவுட் செய்து, அந்தப் பெட்டியில் 'செஷனைச் சேமி' என்பதும் டிக் ஆகியிருந்தால், டெஸ்க்டாப் இல்லாத நிலையையே கணினி சேமித்துக்கொள்ளும். பிறகு எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் அதே நிலைதான் திரும்பும். ஹோமில் கன்ட்ரோல், ஹெச் அழுத்தினால் மறைந்துள்ள ஃபோல்டர்கள் தெரியும். புள்ளியில் தொடங்கும் 'கேஷ்' ஃபோல்டருக்குள் 'செஷன்ஸ்' என்பதன் பெயரை மாற்றிவிட்டு, லாக் அவுட்டில் அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி உள்ளே வாருங்கள்.

இவை எதுவும் பலிக்கவில்லை என்றாலும் ஃபார்மட் வேண்டாம். புதிதாக ஒரு யூசர் உருவாக்கி அதில் லாக் இன் செய்யுங்கள். அங்கே ஐகான் தெரிந்தால் சிஸ்டம் நன்றாக இருக்கிறது, உங்கள் யூசரின் அமைப்புக் கோப்புதான் கெட்டிருக்கிறது. புள்ளி 'கான்ஃபிக்' ஃபோல்டருக்குள் பிசிமேன்எஃப்எம்-கியூடி ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு மறுபடி லாக் இன் செய்தால் புதிதாக ஒன்று உருவாகும். அழிக்காதீர்கள், பெயரை மட்டும் மாற்றுங்கள். தவறாகப் போனால் பழையதைத் திரும்பக் கொண்டுவரலாம்.

கேள்வி: எல்எக்ஸ்டிஈயில் ஒரு புரோகிராம் தானாகத் தொடங்க வேண்டும் என்று ஆட்டோஸ்டார்ட் கோப்பு ஒன்றை உருவாக்கி ஒரே ஒரு வரி எழுதினேன். ரீஸ்டார்ட் செய்தால் ஐகானும் இல்லை, பேனலும் இல்லை!

ஹோமில் உங்களுக்கென்று தனியாக அந்தக் கோப்பு இருந்தால், சிஸ்டம் வைத்திருக்கும் பொதுக் கோப்பை எல்எக்ஸ்செஷன் (லாக் இன் ஆனதும் மற்றவற்றைக் கிளப்பும் புரோகிராம்) திரும்பிக்கூடப் பார்க்காது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் என்று நினைத்துத்தான் எல்லோரும் இதில் மாட்டுகிறார்கள். பேனலையும் டெஸ்க்டாப்பையும் கிளப்பும் வரிகள் அந்தப் பொதுக் கோப்பில்தான் இருந்தன.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய் லாக் இன் செய்து, நீங்கள் உருவாக்கிய கோப்பின் பெயரை மாற்றுங்கள். அல்லது பொதுக் கோப்பிலுள்ள எல்லா வரிகளையும் உங்கள் கோப்பில் சேர்த்து, கடைசியில் உங்கள் வரியை வையுங்கள். பொதுக் கோப்பு இருக்கும் இடம்: ஈடிசி, அதற்குள் எக்ஸ்டிஜி, எல்எக்ஸ்செஷன், எல்எக்ஸ்டிஈ (இது மட்டும் பெரிய எழுத்துகளில்). வரியின் தொடக்கத்தில் வரும் 'அட்' குறியை விட்டுவிடாதீர்கள். புரோகிராம் நடுவில் விழுந்தால் மறுபடி எழுப்பச் சொல்லும் குறி அது. அது இல்லாமல் எழுதினால் ஒருமுறை விழுந்த டெஸ்க்டாப், லாக் அவுட் செய்யும்வரை எழாது. சொந்தப் புரோகிராம்களைக் கிளப்பப் பாதுகாப்பான வழி வேறு இருக்கிறது: புள்ளி கான்ஃபிக்கிற்குள் உள்ள ஆட்டோஸ்டார்ட் ஃபோல்டரில் அதைத் திறக்கும் லாஞ்சர் கோப்பைப் போட்டால் போதும், பொதுக் கோப்புக்கு ஒன்றும் ஆகாது.

கேள்வி: டெஸ்க்டாப்பில் நான் வைத்த ஐகான்கள் போய், ஹோம் ஃபோல்டரில் இருக்கும் எல்லாமே திரையில் கொட்டிக் கிடக்கிறது. வைரஸா?

இல்லை. டெஸ்க்டாப் ஃபோல்டர் அழிந்திருக்கும் அல்லது பெயர் மாறியிருக்கும். எந்த ஃபோல்டர் டெஸ்க்டாப் என்பது, புள்ளி கான்ஃபிக்கிற்குள் 'யூசர்-டர்ஸ்' எனத் தொடங்கும் சிறிய கோப்பில் எழுதப்பட்டிருக்கும். லாக் இன் ஆகும்போது அந்த ஃபோல்டர் இல்லையென்றால், கணினி அந்த வரியைத் திருத்தி ஹோமையே டெஸ்க்டாப் ஆக்கிவிடும். அதனால் ஃபோல்டரை மறுபடி உருவாக்கினால் மட்டும் போதாது. கோப்பைத் திறந்து, டெஸ்க்டாப் வரியில் டாலர் குறியோடு வரும் ஹோம் என்ற சொல்லுக்கும் சாய்கோட்டுக்கும் பின்னால் ஃபோல்டரின் பெயரையும் சேர்த்து, சேமித்து, லாக் அவுட் செய்து வாருங்கள்.

ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும்: திரையில் கிடப்பவை நகல்கள் அல்ல. இடத்தை அடைக்கிறதே என்று அங்கே அழித்தால் உங்கள் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரே அழிந்துவிடும். சரிசெய்து முடிக்கும்வரை எதையும் அழிக்க வேண்டாம்.

கணினி மொழியைத் தமிழுக்கு மாற்றும்போதும் இதன் இன்னொரு வடிவம் வரும். ஃபோல்டர் பெயர்களையும் மொழிமாற்றட்டுமா என்று கேட்கும் பெட்டியில் 'சரி' கொடுத்தால், தமிழ்ப் பெயரில் காலி ஃபோல்டர் ஒன்று உருவாகி அதுவே டெஸ்க்டாப் ஆகும். கோப்புகள் பழைய ஆங்கிலப் பெயர் ஃபோல்டரிலேயே நிற்கும். அவற்றைப் புதியதற்கு நகர்த்துங்கள். இன்னும் பதில் சொல்லவில்லை என்றால் 'பழைய பெயர்களே இருக்கட்டும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். டெர்மினலில் வேலை செய்யும்போதும் அதுதான் வசதி.

கேள்வி: பெயர் மட்டும் தெரிகிறது, படம் இல்லை. சிலவற்றில் வெள்ளைத்தாள் மாதிரி ஒரு படம் வருகிறது.

டெஸ்க்டாப் சரியாக ஓடுகிறது, ஐகான் தீம்தான் இல்லை. அப்பியரன்ஸ் அமைப்பில் வேறொரு ஐகான் தீமுக்கு மாற்றிப் பாருங்கள். எல்லாப் படமும் வந்தால் பழைய தீமை மறுபடி நிறுவுங்கள். எந்தத் தீமிலும் வராவிட்டால், எஸ்விஜி என்ற வகைப் படங்களைத் திறக்கும் துணை நூலகம் இல்லாமல் இருக்கலாம். டெபியன் வழி வந்த லுபுண்டு போன்ற லினக்ஸ்களில், எக்ஸ்எஃப்சிஈ, எல்எக்ஸ்டிஈ வைத்திருப்பவர்கள் லிப்ஆர்எஸ்விஜி2-காமன் என்ற பேக்கேஜை நிறுவினால் சரியாகும். தேவையில்லை என்று பேக்கேஜ்களைக் கழித்து இடம் மிச்சம் பிடித்தவர்களுக்கு அதிகம் வருவது இது. ஒரே ஒரு ஐகானில் மட்டும் படம் இல்லையென்றால் அந்த லாஞ்சர் சுட்டும் புரோகிராம் நீக்கப்பட்டிருக்கும்.

கேள்வி: லினக்ஸ் போட்டு விற்ற பழைய லேப்டாப் ஒன்றை வாங்கினேன். முதல் நாளிலிருந்தே ஐகான் இல்லை. குறைபாடு என்று திருப்பிக் கொடுக்கலாமா?

அவசரப்பட வேண்டாம். ஓபன்பாக்ஸ் என்ற விண்டோ மேனேஜர் மட்டும் போட்டிருந்தால் ஐகான் வராது, அதன் இயல்பே அப்படி. ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸ் என்றால் லாக் இன் திரையில் செஷனை மாற்றிப் பாருங்கள். 'மின்' எனத் தொடங்குபவை ஐகான் இல்லாதவை, 'ராக்ஸ்', 'இசட்இசட்இசட்' எனத் தொடங்குபவற்றில் ஐகான் உண்டு. எடை கூடிய குனோம் டெஸ்க்டாப்பிலேயே 3.28 பதிப்பில், 2018இல், ஐகானைக் காட்டும் வசதியை எடுத்துவிட்டார்கள்.

திருப்பிக் கொடுப்பதா என்பதை ஐகானை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதற்குப் பார்க்க வேண்டியது டிஸ்க், பேட்டரி, கீபோர்டு. டிஸ்க்கை எப்படிப் பார்ப்பது என்பது அடுத்த பதிலில் இருக்கிறது. திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஐகான் அடிக்கடி காணாமல் போகிறது. ரேம் போதவில்லை என்கிறார் ஒருவர், ஹார்டு டிஸ்க் மாற்ற வேண்டும் என்கிறார் இன்னொருவர். எதை வாங்குவது?

ரேம் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. நினைவகம் தீர்ந்துபோனால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஒரு புரோகிராமைக் கொல்லும். பெரும்பாலும் அதிக இடம் பிடித்ததையே கொல்லும், அதாவது பிரவுசரை. டெஸ்க்டாப் புரோகிராம் அதற்கு முன்னால் மிகச் சிறியது. சந்தேகமிருந்தால் ஐகான் மறைந்த உடனே சூடோ (நிர்வாகி) உரிமையோடு 'டிமெஸ்ஜ்' கட்டளை கொடுத்து, 'அவுட் ஆஃப் மெமரி' என்ற சொற்களும் அதனருகே உங்கள் டெஸ்க்டாப் புரோகிராமின் பெயரும் வருகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து வந்தால் மட்டும் ரேம் பற்றி யோசியுங்கள். வாங்குவதானால் வகை முக்கியம்: டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டில் ஓடும், சாதா டிடிஆர்3க்கு 1.5 வோல்ட் வேண்டும். 1.35 வோல்ட் மட்டும் தரும் லேப்டாப்பில் சாதா டிடிஆர்3 பொருந்தி உட்காரும், ஆனால் வேலை செய்யாது.

டிஸ்க் விஷயம் அப்படியல்ல. டிஸ்க்கில் படிக்கும்போதோ எழுதும்போதோ பிழை வந்தால் பல லினக்ஸ்கள் அந்தப் பகுதியைப் 'படிக்க மட்டும்' என்ற நிலைக்கு மாற்றிவிடும். அமைப்புக் கோப்பை எழுத முடியாமல் டெஸ்க்டாப் தடுமாறும். ஹோமில் ஒரு புதுக் கோப்பு உருவாக்கிப் பாருங்கள். 'ரீட்-ஒன்லி' என்று மறுத்தால் முதல் வேலை முக்கியக் கோப்புகளை வேறு டிரைவுக்கு நகலெடுப்பது. 'இடமில்லை' என்று மறுத்தால் டிஸ்க் கெடவில்லை, நிரம்பிவிட்டது. நிரம்பிய டிஸ்க்கில் அமைப்புக் கோப்புகள் பூஜ்ய பைட்டாகச் சேமிக்கப்பட்டு, ஐகான் அமைப்பு அழிந்துபோவதும் உண்டு. இடத்தைக் காலி செய்தால் போதும்.

பிறகு ஸ்மார்ட்மான்டூல்ஸ் நிறுவி, 'ஸ்மார்ட்சிடிஎல்' கட்டளையால் டிஸ்க்கின் சொந்தப் பதிவேட்டைப் பாருங்கள். சாட்டா டிஸ்க்குகளில் 5, 197, 198 ஆகிய மூன்று எண்களின் கடைசிப் பத்தியிலுள்ள மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். 197 பூஜ்யமில்லாமல் இருந்து, வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும். 199 மட்டும் ஏறினால் டிஸ்க்கின் மேல் குற்றமில்லை, கேபிளோ இணைப்போ தளர்ந்திருக்கிறது. கேபிளை மாற்றினாலே சரியாகும் இடத்தில் புது டிஸ்க் விற்கிறார்கள் என்பதால் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றச் சொல்கிறவரிடம் இந்தப் பட்டியலைக் காட்டி, எந்த எண்ணை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

கேள்வி: டிவியோடு இணைத்துப் படம் பார்த்தேன். கேபிளைக் கழற்றியபின் ஐகான் இல்லை.

டிவி இன்னும் முதன்மைத் திரையாகவே பதிவாகியிருக்கும், ஐகான்கள் அந்த இல்லாத திரையில் இருக்கின்றன. டிஸ்ப்ளே அமைப்பில் லேப்டாப் திரையை 'பிரைமரி' ஆக்கி, டிவியின் பெயர் இன்னும் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: பென்டிரைவிலிருந்தே லினக்ஸ் ஓட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் ஐகான்களை அடுக்க வேண்டியிருக்கிறது.

லைவ் முறையில் எல்லாம் ரேமில்தான் எழுதப்படும், அணைத்தால் போய்விடும். பென்டிரைவ் தயாரிக்கும்போதே, மாற்றங்களைச் சேமிக்கும் 'பெர்சிஸ்டன்ஸ்' பகுதி ஒதுக்க வேண்டும். பப்பி லினக்ஸ் என்றால் அணைக்கும்போது சேவ் ஃபைல் உருவாக்கட்டுமா என்று அதுவே கேட்கும், சரி என்று கொடுங்கள்.