அச்செடுப்பதற்காக ஜெராக்ஸ் கடையின் வாட்ஸாப் எண்ணுக்கு ஆதாரை அனுப்புவது பாதுகாப்பானதா?

வீட்டில் பிரிண்டர் இல்லாமல், ஏதோ ஓர் அவசரத்துக்குத் தெருமுனைக் கடையின் எண்ணுக்கு ஆதாரை அனுப்பிவிட்டு, அன்றிரவு மனம் உறுத்தியதால் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அனுப்பாமல் இருப்பதே நல்லது என்பது என் பதில். வேறு வழியின்றி அனுப்பினால், அந்தக் கோப்பு அழிக்கப்படுவதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே கடையை விட்டு வெளியே வாருங்கள். நான் தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் 2006-ஆம் ஆண்டு முதல் ஜெராக்ஸ், பிரௌசிங் கடை நடத்தி வருபவன் என்பதால், அனுப்பப்படும் கோப்புக்கு அதன் பிறகு என்ன ஆகிறது என்பதை உள்ளிருந்து பார்த்தவனாக இதை எழுதுகிறேன்.

ஜெராக்ஸ் கடைக்காரர்கள் வாடிக்கையாளர்களின் ஆவணங்களை விற்றுப் பிழைக்கிறார்கள் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை நான் ஏற்கவில்லை. எனக்குத் தெரிந்த கடைக்காரர்களில் ஒருவர்கூட அப்படிச் செய்தவர் இல்லை. ஒரு பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு காலை ஒன்பது மணியிலிருந்து இரவு பத்து மணி வரை நின்றுகொண்டே உழைப்பவர்கள் அவர்கள். ஆனால் ஒருவரின் ஆவணம் தவறான கைக்குப் போவதற்குக் கடைக்காரர் திருடராக இருக்க வேண்டிய அவசியமில்லை, கவனக்குறைவாக இருந்தாலே போதும் என்பதை என் கடையிலேயே நான் கற்றுக்கொண்டேன். 'இவ்வளவு தெரிந்த நீ ஏன் முன்பே திருந்தவில்லை' என்று கேட்பவர்களுக்கு என்னிடம் விடை இல்லை. முன்பே திருந்தியிருக்க வேண்டும்.

எங்களைப் போன்ற கடைகளில் நடப்பது இதுதான். கடைக் கணினியில் வாட்ஸாப் வெப் நாள் முழுவதும் திறந்திருக்கும். நீங்கள் அனுப்பியதை நான் அழுத்தியதும் அது டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இறங்கும், அங்கிருந்து அச்சாகும். அச்சான தாளை வாங்கிக்கொண்டு நீங்கள் போய்விடுவீர்கள், கோப்பு அங்கேயே கிடக்கும். பின்னர் உங்கள் தொலைபேசியில் 'அனைவருக்கும் அழி' என்று கொடுத்தாலும், உரையாடலிலிருந்து அது மறையுமே தவிர, கணினியில் ஏற்கெனவே இறங்கிவிட்ட பிரதியைத் தொடாது. அதே கணினியில்தான் அடுத்து வருபவர் அமர்ந்து வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பிப்பார், அதற்கடுத்தவர் பென் டிரைவைச் செருகுவார்.

இதை ஒரு குறையாகவே நான் நீண்ட காலம் நினைத்ததில்லை. சொல்லப்போனால் பெருமையாக நினைத்தேன். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது எங்கள் பகுதியில் பல வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்து, பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்த ஆவணங்கள் கூழாகிப் போயின. 6,000 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டபோது, ரேஷன் கடையில் என்ன கேட்பார்களோ என்ற பதற்றத்தில் பலர் கடைக்கு ஓடி வந்தார்கள். என் கணினியில் தேடினால் அவர்கள் எப்போதோ அனுப்பிய ஆதாரும் குடும்ப அட்டையும் கிடைத்தன. காசு வாங்காமல் அச்செடுத்துக் கொடுத்தேன். "எல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கு" என்று அன்றைக்கு நான் சொன்ன சொல், பிறகு நடந்ததை எண்ணும்போதெல்லாம் நெஞ்சில் குத்துகிறது.

2024 மார்ச் மாதத்தில், காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அக்கா கடைக்கு வந்தார். மகளிர் குழுக் கடன், தடைக்கால நிவாரணம், பேரப்பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை என்று எதற்கும் என்னிடமே நகலெடுப்பவர். அவருடைய பெயரில் உள்ள எண்ணிலிருந்து பணமோசடி நடந்திருப்பதாக வேறு மாநிலக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்ததாம். மிரட்டிப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' கும்பலாகத்தான் இருக்கும் என்று எண்ணி, எடுக்காதீர்கள் அக்கா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் எங்கள் பகுதிக் காவலர் ஒருவர் அவர் வீட்டுக்கே நேரில் வந்து விசாரித்தபோதுதான் விஷயம் மெய் என்று தெரிந்தது.

அக்காவுடன் நானும் நிலையத்துக்குப் போனேன். அங்கே சிம் வாங்கக் கொடுக்கப்பட்ட ஆவணங்களின் படத்தைக் காட்டினார்கள். விண்ணப்பத்தில் ஒட்டப்பட்டிருந்த முகம் வேறு ஏதோ ஒரு பெண்ணுடையது. அதனால்தான் அக்கா மீது சந்தேகம் நீங்கியது. ஆனால் கூடவே இருந்த ஆதார் நகலைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு, அக்காவின் முகத்தின் மீதே இறங்கியிருந்தது. சில மாதங்களுக்கு முன் என் இயந்திரத்தின் டிரம்மில் கீறல் விழுந்திருந்தபோது, இப்படித்தான் ஒவ்வொரு தாளிலும் கோடு விழுந்தது. அப்போது அக்கா அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்து, "என்னா தம்பி, மூஞ்சி மேல கோடு போட்டுக் குடுக்குற?" என்று கேட்டார். நான் இன்னொரு பிரிண்டரில் வேறு நகல் எடுத்துக் கொடுத்தேன். கோடு விழுந்த தாள் அவர் கையோடு போகவில்லை. என் மேசைக்கு அடியில் இருந்த கோணிப்பையில் விழுந்தது.

அந்தப் பை நிறைந்ததும் பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் போட்டுவிடுவது பதினேழு ஆண்டு வழக்கம். அங்கிருந்து அது எங்கே போனது, யார் கைக்குப் போனது என்பது விசாரணையில் தெரியவில்லை, இன்றுவரை எனக்கும் தெரியாது. வடை மடித்துக் கொடுத்த தாளில் யாரோ ஒரு மாணவியின் மதிப்பெண் சான்றிதழைப் பெயரோடும் பிறந்த தேதியோடும் நானே பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு எண்ணெயைத் துடைத்துக் கசக்கிப் போட்டிருக்கிறேன். அப்போது உறைக்கவில்லை.

அன்று மாலையே தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அக்காவின் எண்ணையும் அதற்கு வந்த ஓ.டி.பி.யையும் கொடுத்துப் பார்த்தோம். ஒருவர் பெயரில் எத்தனை இணைப்புகள் இயங்குகின்றன என்பதை அது காட்டும். சட்டப்படி ஒருவருக்கு அதிகபட்சம் ஒன்பது இணைப்புகள் அனுமதி. வாழ்நாளில் ஒரே ஓர் எண்ணை வைத்திருந்த அக்காவின் பெயரில் நான்கு இருந்தன. மற்ற மூன்றையும் 'இது என் எண் அல்ல' என்று குறித்து, அது கொடுத்த பதிவெண்ணை எழுதி வைத்துக்கொண்டோம். அவை பிறகு துண்டிக்கப்பட்டன. நீங்கள் இதைப் படித்து முடித்ததும் உங்கள் எண்ணுக்கும், முக்கியமாக உங்கள் பெற்றோரின் எண்ணுக்கும் இதைச் செய்து பாருங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்றங்களுக்கான உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் சொன்னால்தான் அதை நிறுத்திவைக்க வழி உண்டு.

அன்றிரவு கடையைச் சாத்திவிட்டு டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள். ஆதாரும் பான் அட்டையும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கமும் மட்டுமல்ல. கர்ப்பிணிப் பெண்களின் ஸ்கேன் அறிக்கைகள், விவாகரத்து மனுக்கள், மணலியில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்களின் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்றுகள், நகை அடகு ரசீதுகள், இறந்துபோன ஒரு சிறுவனின் மருத்துவச் சீட்டுகள். எனக்கு முகம் தெரிந்த மனிதர்கள் இவர்கள். அவர்களுடைய வீட்டுக்குள் நான் ஒருநாளும் அழைக்கப்பட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டின் பீரோவும் என் மேசை மீது திறந்து கிடந்தது. விடியும் வரை இருந்து அழித்தேன்.

பிறகு இயந்திரத்தைப் பற்றியும் விசாரித்தேன். அலுவலகங்களில் ஓடித் தேய்ந்து செகண்ட் ஹேண்டாக வரும் பெரிய நகல் இயந்திரங்கள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் உண்டு என்பதும், நகலெடுத்த பக்கங்களின் உருவங்கள் அதில் தங்கிவிடலாம் என்பதும் இத்தனை ஆண்டுத் தொழிலில் எனக்குத் தெரியாது. 2010-இல் அமெரிக்காவில் சிபிஎஸ் செய்தி நிறுவனம் பழைய இயந்திரங்களை விலைக்கு வாங்கிச் சோதித்தபோது, காவல்துறை ஆவணங்களும் நோயாளிகளின் விவரங்களும் அவற்றில் கிடைத்தன. அவற்றுள் ஒன்றை முன்பு பயன்படுத்திய அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற காப்பீட்டு நிறுவனம் 2013-இல் 12 லட்சம் டாலருக்கும் மேல் கட்ட நேர்ந்தது. இதற்கு முன் இரண்டு இயந்திரங்களை நான் அப்படியே எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருக்கிறேன்.

இப்போது என் கடையில் வேலை முடிந்ததும் வாடிக்கையாளரின் எதிரிலேயே கோப்பை மறுசுழற்சித் தொட்டிக்குப் போகாதபடி அழிக்கிறேன். பாழான தாள்களைத் தூளாக்கும் கருவி ஒன்று வாங்கினேன். முடிந்தவரை கேபிளில் தொலைபேசியை இணைத்து அச்செடுத்துக் கொடுக்கிறேன். தம் வாட்ஸாப்பையே கடைக் கணினியில் ஸ்கேன் செய்து திறக்கும் மாணவர்களைப் போவதற்கு முன் வெளியேறச் சொல்கிறேன், ஏனென்றால் ஒருமுறை ஒரு கல்லூரி மாணவி மறந்துபோய், மறுநாள் காலை அவருடைய குடும்பச் சண்டை முழுவதும் என் திரையில் வந்து விழுந்துகொண்டிருந்தது. தொலைபேசியில் வாட்ஸாப்பின் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற பகுதியைத் திறந்தால் நீங்கள் அறியாமல் திறந்து கிடப்பவை தெரியும்.

உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆதார் ஆணையத்தின் தளத்தில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைத் தரவிறக்கலாம்; இயன்ற இடமெல்லாம் அதையே கொடுங்கள். ஆனால் அந்தக் கோப்பின் கடவுச்சொல் உங்கள் ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் என்பதால், உங்களை அறிந்த எவரும் அதைத் திறந்துவிட முடியும். பூட்டு இருக்கிறது என்று நம்பி அனுப்பிவிடாதீர்கள். முழு நகலைக் கொடுத்தே தீர வேண்டிய இடத்தில், எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதை நகலின் குறுக்கே, எழுத்துகளின் மீதே படும்படி எழுதுங்கள். வெள்ளத்தில் நனைந்தால் என்ன செய்வது என்ற கவலைக்கு, ஆவணங்களை இணையத்தில் வைத்துக்கொள்ள உதவும் அரசின் டிஜிலாக்கர் இருக்கிறது, அதற்கு என் கணினி தேவையில்லை.

இங்கே எனக்கொரு மனக்குறை உண்டு. மறைப்பு ஆதாரை எடுத்துக்கொண்டு போனவர்கள் பாதிப்பேர், 'இது செல்லாது, முழு நம்பர் தெரிய வேண்டும்' என்று திருப்பி அனுப்பப்பட்டு என்னிடமே வந்து நிற்கிறார்கள். ஆதாரில் இருக்கும் கியூ.ஆர். குறியீட்டைச் செயலியில் காட்டினாலே அட்டை உண்மையா என்று தெரிந்துவிடும்போது, எதற்கு எல்லாவற்றுக்கும் இரண்டு நகல், மூன்று நகல்? 2022 மே 27-இல் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், மறைப்பு ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவித்தது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. நகல் கேட்பவர்கள் குறைந்தால் என் வருமானம் குறையும் என்பதை அறிந்தேதான் இதைச் சொல்கிறேன்.

சட்டமும் இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காகத் தரவு வாங்கப்பட்டதோ அது முடிந்ததும் அழிக்க வேண்டும் என்கிறது; பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன, ஆனால் பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். வெறும் காகிதமாகக் கிடக்கும் நகலை இந்தச் சட்டம் எட்டாது என்றே நான் புரிந்துகொண்டிருக்கிறேன். என் மேசைக்கு அடியில் இருந்த பை அத்தகைய காகிதம்தான்.

அக்காவிடம் அந்தக் கோட்டைப் பற்றி நானே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "நீ வேணும்னேவா பண்ண?" என்று மட்டும் சொன்னார். அதன்பின் அவர் என் கடைக்கு வருவதில்லை, அதில் தவறு எதுவும் இல்லை. நீங்கள் நாளை உங்கள் தெருமுனைக் கடைக்குப் போங்கள். நேற்று அனுப்பியதைக் காட்டி அழிக்கச் சொல்லுங்கள், பாழான தாள் இருந்தால் கேட்டு வாங்கிக் கிழியுங்கள். பழகிய மனிதரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட வேண்டாம். அக்காவும் பழகியவர் என்றுதான் என்னிடம் கேட்காமல் போனார். முகம் சுளித்தால் அடுத்த தெருவில் இன்னொரு கடை இருக்கும்.