வைகை ஏன் பூவாடை போர்த்தது?

கேள்வி: பழங்காப்பியங்களில் ஆறு, அகழி, கொடி என்று வருணனை நீண்டுகொண்டே போகிறது, கதையோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. இன்றைய வாசகருக்காக இந்த அலங்காரங்களை நீக்கிப் பதிப்பித்தால் என்ன குறைந்துவிடும்?

பதில்: சிலப்பதிகாரத்தின் 13ஆம் காதையான புறஞ்சேரி இறுத்த காதையில், தாங்கள் சொன்னபடியே கத்தரி வைத்துப் பார்ப்போம். கோவலனும் கண்ணகியும் சமணத் துறவியான கவுந்தியடிகளுடன் வைகைக்கரையை அடைகிறார்கள். மரப்புணையில் தென்கரை சேர்ந்து மதுரையின் புறஞ்சேரிக்குள் புகுகிறார்கள். எஞ்சுவது இவ்வளவுதான்.

இளங்கோவடிகளின் வைகையோ, கண்ணகிக்கு நேரப்போவதை முன்பே அறிந்தவள்போல, நறுமலர்களை ஆடையாகப் போர்த்துக்கொண்டு, கண்ணில் நிறைந்த நீரை அதற்குள் மறைத்து அடக்கிக்கொள்கிறாள். அவ்விருவருக்கும் அந்தக் கண்ணீர் தெரிவதில்லை. ‘புனல்யாறு அன்றிது பூம்புனல் யாறு’ என்று தொழுகிறார்கள். அவர்கள் பூவை மட்டும் காண, நாம் பூவுக்கு அடியில் இருப்பதையும் கண்டுவிடுகிறோம். கோவலன் வெட்டுண்ணும் 16ஆம் காதைக்கு வெகு முன்பே அவலம் இங்கே தொடங்கிவிடுகிறது. தாங்கள் வெட்டச் சொல்வது இந்த இடத்தைத்தான்.

அகழியில் குவளையும் ஆம்பலும் கமலமும் இவர்களின் துயரத்தை அறிந்தனபோலக் ‘கண்ணீர் கொண்டு’ காற்றில் நடுங்குகின்றன. ‘கண்ணீர்’ என்பதைக் கள் நீர் என்று பிரித்தால் அது பூவின் தேன், பிரிக்காவிட்டால் அழுகை. மதிலின் நெடுங்கொடிகளோ ‘வாரல்’ (வராதே) என்பனபோல் மறித்துக் கை காட்டுகின்றன. இயல்பாக நிகழ்வதன்மீது புலவன் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வதால் இதைத் தற்குறிப்பேற்ற அணி என்கிறோம். கம்பனின் மிதிலையிலும் கொடிகள்தாம் ஆடுகின்றன. ஆனால் அவை, திருமகள் இங்கிருக்கிறாள் என்று சொல்லி இராமனை ‘ஒல்லை வா’ (விரைந்து வா) என அழைக்கின்றன. கொடியை அசைப்பது இரண்டு ஊரிலும் காற்றுதான். அந்த அசைவு வரவேற்பா எச்சரிக்கையா என்பதைக் கதை முடிவு செய்கிறது. அப்படியிருக்க, கதை நின்றுவிட்டது என்று எப்படிச் சொல்வது?

மலை, கடல், நாடு, நகர், பருவம், கதிரவன் திங்களின் தோற்றம் என்று பெருங்காப்பியத்துக்குரிய வருணனைகளை அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையை நிரப்புவதற்கென்றே பாடிய பிற்காலப் புலவர்களும் உண்டு. அவர்களிடம் தங்கள் கத்தரியைத் தாராளமாகக் கொண்டு போகலாம், எனக்கு மறுப்பில்லை.