கேள்வியின் வரிசை மாறினால் பதிலும் மாறுமா?

சென்னிமலையில் போர்வைக் கடை வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: "வாடிக்கையாளர்களிடம் சீட்டுக் கொடுத்து இரண்டு கேள்வி கேட்கிறோம். தரம் திருப்தியா? விலை நியாயமா? தரத்தை முதலில் கேட்டால், விலை நியாயம் என்பவர்கள் கூடுகிறார்கள். விலையை முதலில் கேட்டால் குறைகிறார்கள். எதை நம்புவது? இதற்குக் குவாண்டம் கணிதம் இருக்கிறது என்கிறாள் கோவையில் படிக்கும் மகள்."

மகள் சொல்வது சரி. ஆனால் மூளைக்குள் எலெக்ட்ரான் வித்தை நடக்கிறது என்று பொருளல்ல. எலெக்ட்ரான் போன்ற நுண்துகள்களுக்காக இயற்பியலில் எழுந்த கணிதம் இது. இரவல் வாங்கியது அந்தக் கணிதத்தை மட்டும்தான். "குவாண்டம் மனப் பயிற்சி" என்று யாராவது கட்டணம் கேட்டால் கடையை விட்டு நகராதீர்கள்.

இந்தக் கணிதத்தில் மனநிலை ஓர் அம்பு. கேள்விக்கான ஒவ்வொரு பதிலும் ஒரு திசை. பதில் சொன்னதும் அம்பு அந்தத் திசைக்குத் திரும்பிவிடும். அடுத்த கேள்வி அங்கிருந்துதான் தொடங்கும். "தரம் நன்று" என்று சொல்லிவிட்டவர் விலைச் சீட்டைப் பார்க்கும் பார்வையே வேறு.

1997இல் காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் அமெரிக்கர்களிடம் கேட்டது: அப்போதைய அதிபர் கிளின்டன் நேர்மையானவரா, துணை அதிபர் கோர் நேர்மையானவரா? கிளின்டனை முதலில் கேட்டபோது அவருக்கு 50 சதவீதம் ஆம். கோருக்குப் பிறகு கேட்டபோது 57. கோருக்கோ முதலில் கேட்டபோது 68, கிளின்டனுக்குப் பிறகு கேட்டபோது 60. வேடிக்கை என்னவென்றால், ஒருவருக்கு ஆம், மற்றவருக்கு இல்லை என்றவர்கள் இரண்டு வரிசையிலும் ஏறக்குறைய 22 சதவீதம்தான். இந்தச் சமத்துவத்தைக் குவாண்டம் கணிதம் முன்கூட்டியே சொல்கிறது. உளவியலாளர் புஸ்மையர் உள்ளிட்ட ஆய்வுக் குழு 2014இல் 70 தேசியக் கருத்துக்கணிப்புகளில் சோதித்தபோதும் பெரும்பாலும் பொருந்தியது.

நீங்களும் பார்க்கலாம். பாதிச் சீட்டுகளில் வரிசையை மாற்றி அச்சிட்டு, நன்றாகக் கலந்து கொடுங்கள். திரும்பி வந்ததும் வரிசைப்படி இரு கட்டாகப் பிரித்து, ஒரு கேள்விக்கு ஆம், மற்றதற்கு இல்லை என்ற சீட்டுகளின் சதவீதத்தை ஒவ்வொரு கட்டிலும் எண்ணுங்கள். அது ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், வரிசைதான் விளையாடியிருக்கிறது என்று கொள்ளலாம். எந்தப் பதிலும் பொய்யல்ல. விலை பற்றி மட்டும் அறிய வேண்டுமானால், விலையை முதலில் கேட்ட சீட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிபந்தனை: இரு கேள்விகளுக்கு நடுவே புதுச் செய்தி எதுவும் நுழையக் கூடாது. "நூல் விலை ஏறிவிட்டதுங்க" என்று உங்கள் விற்பனையாளர் இடையில் சொல்லிவிட்டால் இந்தச் சோதனை செல்லாது. அவர் சீட்டை மட்டும் நீட்டட்டும்.