எக்ஸ்எஸ்எல்டி ஓட்டினால் டேக் எதுவும் இல்லாமல் வெறும் எழுத்து மட்டும் ஒட்டிக்கொண்டு வருவது ஏன்?

எக்ஸ்எம்எல் கோப்பை எக்ஸ்எஸ்எல்டியால் (எக்ஸ்எம்எல்லை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழி) மாற்றும்போது பிழைச்செய்தி ஒன்றுமில்லை, ஆனால் அட்டவணை வரவேண்டிய இடத்தில் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் ஒரே கொத்தாக வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் எழுதிய டெம்ப்ளேட் (எந்த எலிமென்டை எப்படி மாற்றுவது என்று சொல்லும் விதி) ஓடவே இல்லை. அந்த எழுத்தெல்லாம் எக்ஸ்எஸ்எல்டியில் ஏற்கெனவே இருக்கும் இயல்பு விதிகளின் வேலை. ஒரு எலிமென்டுக்குப் பொருந்தும் டெம்ப்ளேட் இல்லாவிட்டால் புராசசர் (எக்ஸ்எஸ்எல்டியை ஓட்டும் மென்பொருள்) நின்றுவிடாது, அதன் உள்ளே இறங்கிப் போகும். டெக்ஸ்ட் கிடைத்தால் அப்படியே எழுதிவிடும். ஆட்ரிபியூட் பக்கம் தானாகப் போகாது.

டெக்ஸ்ட் நோடுக்கு ஒரு காலி டெம்ப்ளேட் போட்டு இதை அடக்கச் சொல்பவர்கள் உண்டு. இப்போதைக்கு வேண்டாம். குப்பை போகும், கூடவே துப்பும் போய்விடும். மிஞ்சுவது வெற்றுப் பக்கம்.

முதலில் உங்கள் எக்ஸ்எம்எல் கோப்பின் ரூட் எலிமென்டைப் பாருங்கள். அதில் முன்னொட்டு இல்லாத எக்ஸ்எம்எல்என்எஸ் அறிவிப்பு (பெயர்கள் எந்த நேம்ஸ்பேஸை, அதாவது எந்தப் பெயர்த்தொகுதியைச் சேர்ந்தவை என்று ஒரு முகவரியால் சொல்வது) இருந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். அதற்குக் கீழே முன்னொட்டில்லாமல் வரும் எலிமென்ட் எல்லாம் அந்த நேம்ஸ்பேஸுக்குள் போய்விடும். ஆனால் எக்ஸ்பாத் 1.0-இல் (எக்ஸ்எம்எல்லுக்குள் எந்த நோடு வேண்டும் என்று குறிக்கும் மொழி) வெறுமனே 'புத்தகம்' என்று எழுதினால், எந்த நேம்ஸ்பேஸிலும் இல்லாத புத்தகம் என்றுதான் பொருள். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், பொருந்தவே பொருந்தாது. அதே அறிவிப்பை ஸ்டைல்ஷீட்டில் (நீங்கள் எழுதிய எக்ஸ்எஸ்எல்டி கோப்பில்) அப்படியே ஒட்டினாலும் பயனில்லை. அது நீங்கள் வெளியீட்டில் எழுதும் டேக்குகளைத்தான் மாற்றும், எக்ஸ்பாத்தைத் தொடாது.

ஸ்டைல்ஷீட்டில் அதே முகவரிக்கு ஒரு முன்னொட்டு கொடுங்கள், 'நூ' என்று வைத்துக்கொள்வோம். முகவரி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்; கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் வேறு நேம்ஸ்பேஸ்தான். அப்புறம் மேட்ச், செலக்ட் இரண்டிலும், பாதையின் ஒவ்வொரு படியிலும் அதைப் போடுங்கள்: 'நூ:புத்தகம்/நூ:தலைப்பு'. இரண்டாவது படியில் விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. முன்னொட்டில்லாத ஆட்ரிபியூட்டுக்கு இது தேவையில்லை.

2007-இல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 2.0-இல் எக்ஸ்பாத்-டிஃபால்ட்-நேம்ஸ்பேஸ் என்று ஒரே இடத்தில் சொல்லி முடித்துவிடலாம். சாக்ஸன் போன்ற புராசசர் இருந்தால் அதைச் செய்யுங்கள். எக்ஸ்எஸ்எல்டிபிராக் என்ற புராசசர் 1.0 மட்டுமே அறிந்தது, அங்கே முன்னொட்டுதான் வழி.

நேம்ஸ்பேஸே இல்லையா? அப்ளை-டெம்ப்ளேட்ஸில் மோட் (எந்த வகை டெம்ப்ளேட் வேண்டும் என்று சொல்லும் பெயர்) கொடுத்துவிட்டு டெம்ப்ளேட்டில் அதை எழுதாமல் விட்டாலும் இதே கொத்துதான் வரும். பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறியிருந்தாலும் அப்படியே. சந்தேகமிருந்தால் டெம்ப்ளேட்டின் முதல் வரியில் ஒரு எக்ஸ்எஸ்எல்:மெசேஜ் போட்டு ஓட்டுங்கள். செய்தி வரவில்லையென்றால் இன்னும் பொருந்தவில்லை.

சரிசெய்த பிறகு ஆசிரியர் பலர் இருந்தும் முதல் பெயர் மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம். 1.0-இல் வேல்யூ-ஆஃப் முதல் நோடை மட்டுமே எடுக்கும். ஃபார்-ஈச் போட்டுச் சுற்றுங்கள்.